வாயில்லாத செம்பு

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அருவித் தண்ணீர் ஆகாது. வாதக்காரர்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள், பிள்ளை பெற்று உடம்பு தேறாதவர்கள். சாரல் விழுந்ததும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். அருவியைத் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு, பங்களாவுக்குத் திரும்பி, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெந்நீருக்குச் சத்தம் போடுவார்கள். ஒரு பங்களாவில் அந்த வெந்நீரைப் போட்டுக் கொடுத்தவள் என் அக்கா.

யுத்தம் வருவதற்கு முந்திய காலம் அது. நான் கல்யாணமாகிப் பிள்ளை இல்லாமல் இருந்தேன். என் வீட்டுக்காரர் தென்காசியில் செம்புப் பாத்திரம் அடிக்கிறவர். ஈயம் பூசுவார், ஓட்டைக்கு ஒட்டுப் போடுவார். அக்கா சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். அவளுடைய மாமியார் வீடு பாவூர்சத்திரத்துப் பக்கம். அங்கே அவளை ஒரு மூலையில் இருக்க வைத்தார்கள். பிறகு அந்த மூலையும் வேண்டியிருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்களிடம் வந்தாள். எங்களுக்கு இருந்ததே ஒரு அறை. சாயங்காலம் ஆனதும் அவள் எங்கே பாயை விரிப்பது என்று தெரியாமல் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்பாள். நான் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். அந்தச் சமயத்தில்தான் பங்களாக் காரியஸ்தர் பாத்திரங்களுக்கு ஈயம் பூச என் வீட்டுக்காரரைத் தேடி வந்தார். பங்களா யாரோ ஒரு பெரிய நிலக்காரருடையது. அவர் வருவதில்லை, எல்லாம் காரியஸ்தர்தான். வெந்நீர் போட ஒரு பொம்பளை ஆள் கிடைத்தால் தேவலை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கே துணியை மூட்டை கட்டிவிட்டாள்.

வெந்நீர்க் கொட்டகையை ஒட்டி, முன்பு விறகு போட்டுவைத்த சின்ன அறை ஒன்றை அவளுக்குக் கொடுத்தார்கள். நான் முதல் தடவை பார்க்கப் போனபோது அருவியைக் காட்டவில்லை, தோட்டத்தைக் காட்டவில்லை, அந்த அறைக் கதவைக் காட்டினாள்.

"ஏட்டி, பாத்தியா? தாப்பாள உள்ள இருந்து போட்டுக்கிடலாம்."

போட்டுக் காட்டினாள். எடுத்துக் காட்டினாள். மறுபடி போட்டாள்.

பாயிலர் என்பது ஆள் உயரத்துக்கு ஒரு செம்புக் கொப்பரை. கீழே அடுப்பு, நடுவே புகை போக ஒரு குழாய், அடியில் வெந்நீர் பிடிக்கத் திருகு. கொட்டகைக்குப் பின்னால் மேட்டில் ஓடைத் தண்ணீர் விழுகிற தொட்டி இருந்தது. அங்கிருந்து குடத்தில் மொண்டு இடுப்பில் வைத்து இறங்கி, பாயிலரின் பக்கத்தில் போட்டிருந்த மரப்படியில் ஏறி, மேலே மூடியைத் திறந்து ஊற்ற வேண்டும். தண்ணீர் குறைந்தால் செம்பு காந்திப் போகும். குறைந்துவிட்டதே என்று ஒரேயடியாக ஊற்றினால் கொதி அடங்கிவிடும், எண்ணெயோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் உள்ளேயிருந்து ஏசுவார்கள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க, ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்க வேண்டும்.

இரண்டு சீசன் அப்படிச் சுமந்தாள். ஒரு நாள் நான் போயிருந்தபோது என்னை அறைக்குள் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு அடி இறங்குதுட்டி, கர்ப்பப்பைதான். குடத்தத் தூக்குனா அத்துக்கிட்டு வாரமாரி இருக்கு. துணிய வச்சுக் கட்டிக்கிட்டுத்தான் நடக்கேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போவோமாக்கா?"

"எதுக்கு, ஊரு சிரிக்கவா? யாருட்டயும் சொல்லாத. காரியஸ்தர் ஏற்கெனவே சொல்லுதாரு, நீ இப்பமெல்லாம் மெதுவா நடக்க, ஆம்பள ஆளு ஒருத்தனப் போட்டுருவோம், அறைய அவனுக்குக் குடுத்துருவோம்னு."

அவளுக்கு வலியைவிட அந்த அறை போய்விடுமே என்பதுதான் பயம். அது போனால் மறுபடியும் எங்கள் வீட்டில் பாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது? நான் பொதுவாகவே அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள். சோறு போட்டுக்கொண்டே, "அக்காவுக்குக் குடம் தூக்க முடியலியாம்" என்றேன். ஏன் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் மேலே கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "தூக்காம தண்ணி உள்ள வந்தா?" என்றார்.

"எப்படி வரும்?"

"தொட்டி மேட்டுலதான இருக்கு. குழா போட்டா தானா வந்துரும். வாரது பெருசில்ல. நிக்கணும்லா."

ரயில் ஸ்டேஷனில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுப் போடப் போனபோது அவர் ஒன்று பார்த்திருந்தார். தொட்டிக்குள்ளே ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு செம்பு உருண்டை மிதக்கும். தண்ணீர் குறைந்தால் உருண்டை கீழே இறங்கும், கம்பியும் இறங்கிக் குழாய் வாயைத் திறக்கும். தண்ணீர் ஏறினால் உருண்டை ஏறும், கம்பி குழாய் வாயில் இருக்கிற தோலை அமுக்கி மூடிவிடும். ஆள் வேண்டாம். அதையே பாயிலருக்குள் வைக்கலாம் என்று அவர் நினைத்தார். ஸ்டேஷன் தொட்டியில் இருப்பது பச்சைத் தண்ணீர், இது கொதிக்கிற தண்ணீர் என்பதையும் நினைக்காமல் இல்லை. ஒட்டு கெட்டியாக இருந்தால் தாங்கும் என்று சொன்னார்.

கொஞ்ச நாள் எங்கள் வீட்டு அண்டாவில் எப்போது பார்த்தாலும் ஒரு செம்பு மிதந்துகொண்டிருந்தது. அதன் வாயை அடைத்துவிட்டு விரலால் அமுக்கி அமுக்கிப் பார்ப்பார். கம்பியை நீளமாக்கினால் உருண்டைக்குப் பலம் கூடும், குட்டையாக்கினால் தண்ணீர் நிற்காது. எனக்கும் பிடிக்கச் சொல்லிக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளையக் காணும், கிலுகிலுப்பை மட்டும் செஞ்சாச்சாக்கும்" என்று கேட்டாள். நான் உள்ளே போய்விட்டேன்.

உருண்டை என்பது இரண்டு கிண்ணங்களை அடித்து வாயோடு வாய் வைத்து ஒட்டுவது. ஒட்டும்போது உள்ளே இருக்கிற காற்று சூட்டில் வெளியே போக வேண்டும். அதற்காக ஒரு அரிசி நுழைகிற அளவுக்குத் துளை விட்டு, கடைசியில் அதை ஒரு பொட்டு ஈயத்தால் அடைப்பார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாத்திரம் எதையும் வெறுமையாகக் கொடுக்கக் கூடாது. நாலு அரிசியும் ஒரு சொட்டுத் தண்ணீரும் போட்டுத்தான் கை மாற்றுவோம். வாங்குகிறவர்கள் அதைச் செடி மூட்டில் கொட்டிவிட்டு எடுத்துப் போவார்கள். அரிசி போடுவது வீட்டில் மஞ்சள் குங்குமக்காரியின் வேலை. நான்தான் போடுவேன்.

துளையை அடைக்கிற அன்று அக்கா வந்திருந்தாள். நான் அரிசி எடுக்கப் போனேன். வீட்டுக்காரர் என்னைத் தடுத்து, "மயினி, இது உங்களுக்குன்னு செஞ்சது. நீங்க போடுங்க" என்றார்.

அக்கா சுவரோடு ஒட்டிப் போனாள். "ஐயய்யோ, என்ன கொழுந்தனாரே! என் கையாலயா? அவ இருக்கால்லா."

"அவளா குடம் தூக்குதா? தூக்குத கைதான் போடணும்."

"போடுக்கா" என்று நானும் சொன்னேன்.

கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள், பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு மறுபடி கழுவினாள். அரிசியை ஒவ்வொன்றாகத் துளைக்குள் விட்டாள். விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டாள். போதும் என்றார் வீட்டுக்காரர். "இன்னும் ஒன்னு கெடக்கட்டும், நிறைவா இருக்கட்டும்" என்று சொல்லி இன்னொரு சொட்டும் விட்டாள். தாலியறுத்த பிறகு எதையும் அவள் முதலில் தொட்டு நான் பார்த்ததில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தாள்.

பாயிலருக்குள் அதைப் பொருத்திய அன்று அக்கா இடுப்பில் நிறைகுடத்தோடுதான் நின்றாள், எதற்கும் இருக்கட்டும் என்று. கீழே திருகைத் திறந்து இரண்டு வாளி வெந்நீர் பிடித்தார்கள். உள்ளே உருண்டை இறங்கியது. உஸ்ஸென்று குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தம் மெலிந்து நின்றது.

"நின்னுட்டு!" என்றாள் அக்கா. குடத்தைக் கீழே வைத்தாள்.

பங்களாவில் சமையல் பார்த்த தவசிப்பிள்ளை அங்கேதான் நின்றார். "இனி மகாராணி கால நீட்டிக்கிட்டு உக்காருவியளோ?"

"உக்காருவேன். உமக்கென்ன எரியுது? நீரும் உம்ம உலைக்கு ஒரு உருண்டை வாங்கிப் போடும்."

"என் உலைல உருண்டை வேற போடணுமா? வாரவிய எல்லாம் என் தலையத்தான் உருட்டுதாவ."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தாள். பகலில் அவள் உட்கார்ந்து பார்த்து எத்தனை காலமாயிற்று! அந்தச் சாரலில் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. வலி குறைகிறது என்றாள். உருண்டைக்குத் தன் கையால் அரிசி போட்டதைத் தவசிப்பிள்ளையிடம், தோட்டக்காரனிடம், வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

அது நடந்த அன்று நானும் அங்கே இருந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய குடும்பத்தின் வயதான அம்மாள் குளிக்க உள்ளே போயிருந்தாள். நானும் அக்காவும் கொட்டகை வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். பட்டென்று ஒரு சத்தம், விறகு வெடிக்கிற மாதிரி. நாங்கள் விறகென்றே நினைத்தோம். பிறகு உஸ்ஸென்று குழாய்ச் சத்தம். அது நிற்கவில்லை.

அக்கா தலையைத் தூக்கிக் கேட்டாள். "நிக்கலியே" என்றாள். அதற்குள் பாயிலரின் மூடி தூக்கிக்கொண்டு கொதிக்கிற தண்ணீர் நாலு பக்கமும் வழிந்தது. அடுப்பில் விழுந்து சாம்பலும் ஆவியுமாகக் கிளம்பியது. தரையோடு ஓடிக் குளிக்கிற அறைக்குள் போனது. அந்த அம்மாள் அலறினாள். வேலைக்காரப் பெண்கள் அவளைத் துணியைச் சுற்றி வெளியே இழுத்தார்கள். தொட்டித் தண்ணீரை அடைக்கிற திருகு பாயிலருக்குப் பின்சுவரில் இருந்தது. அக்கா அந்தத் தண்ணீரில் கால் வைத்து நடந்து போய் அதை அடைத்தாள். திரும்பி வரும்போது கணுக்கால் வரைக்கும் தோல் வழன்றிருந்தது.

அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பயந்ததுதான். பயந்தவள் சும்மா இருப்பாளா?

"யாரு செஞ்சு வச்ச சாமான் இது?"

தவசிப்பிள்ளை சொன்னார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், கேட்டதற்குப் பதில் சொன்னார். "இவ தங்கச்சி மாப்பிள்ள செஞ்சது. இவளே அரிசி போட்டு மூடுனாளாம். சொல்லிச் சொல்லிப் பெருமப்பட்டா."

"முண்டச்சி கை வச்ச பொருளயா கொதிக்கித தண்ணிக்குள்ள போட்டிய? பின்ன வெடிக்காம என்ன செய்யும்?"

நான் அக்கா காலுக்குச் சுண்ணாம்புத் தெளிவும் தேங்காய் எண்ணெயும் கலக்கித் தடவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். பாயிலர் ஆறியிருந்தது. உருண்டையை எடுத்துக் காரியஸ்தர் முன்னால் வைத்தார். ஒட்டு ஒரு பக்கம் வாய் திறந்திருந்தது. கத்தரியால் வெட்டி இரண்டாக்கினார். உள்ளே தண்ணீர் நின்றது. அதில் நாலு பருக்கை, வெந்த சோறு.

என் வீட்டுக்காரர் அதை விரலால் எடுத்துப் பார்த்தார். பிறகு தலையில் ஒரு அடி அடித்துக்கொண்டார். வாயுள்ள பாத்திரத்தில் போட்டதை வெளியே கொட்டிவிடலாம். இதற்கு வாய் இல்லை. வழக்கம் வழக்கம் என்று போட்டு மூடிவிட்டோம், அதை யார் எங்கே கொட்டுவார்கள் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வெறும் காத்து மட்டும் இருந்தா இது தாங்கியிருக்கும்" என்று அவர் காரியஸ்தருக்குச் சொன்னார். "உள்ள தண்ணி இருந்திருக்கு. வெளிய கொதிக்கும்போது உள்ளயும் கொதிச்சு ஆவியாயிருக்கு. ஆவிக்குப் போக வழி இல்ல. தினமும் முட்டி முட்டி ஒட்டு விட்டுட்டு. அப்புறம் தண்ணி புகுந்து உருண்டை முங்கிட்டு, குழா மூடல. கைராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தச் சொட்டுத் தண்ணிதான்."

"அப்படிச் சொல்லும்" என்றார் காரியஸ்தர். அவருக்கு விளங்கிவிட்டது. அந்த அம்மாள்கூட வேறு பக்கம் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என் அக்காவின் மேல் விழுந்த பழி போய்விட்டது என்று அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்தார். அக்கா இருந்த அறைக்குள் சிரித்த முகமாக வந்து மறுபடி எல்லாவற்றையும் சொன்னார்.

அக்கா காலில் வாழையிலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழுசும் கேட்டாள்.

"அந்தத் தண்ணி நான் விட்டதுதான?"

"யாரு விட்டாலும் வெடிக்கும் மயினி. இவ விட்டிருந்தாலும் வெடிக்கும்."

"இவ விடலியே."

"நாந்தான உங்களப் போடச் சொன்னேன்."

"நீங்க ஒரு சொட்டுப் போதும்னிய. ரெண்டாவது சொட்டு நானா விட்டது."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அக்கா காலிலிருந்த வாழையிலையைச் சரிசெய்யக் குனிந்தேன்.

முண்டச்சி கை ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டே வாழ்ந்திருக்கிறாள். அது வெறும் பேச்சாக இருந்தவரை அவளால் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அதற்கு இப்பால் இருக்க முடிந்தது. இவர் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் விட்ட சொட்டைக் கண் முன்னால் காட்டிவிட்டார். பேச்சை மறக்கலாம். வெந்த அரிசியை எப்படி மறப்பது?

கால் ஆறுவதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் வேறு மாதிரி யோசித்தார். உருண்டையைப் பாயிலருக்குள் வைக்காமல், பக்கத்தில் ஒரு சின்னச் செம்புப் பெட்டி செய்து, அதன் அடியையும் பாயிலரின் அடியையும் ஒரு குழாயால் சேர்த்தார். இங்கே எவ்வளவு உயரம் தண்ணீரோ அங்கேயும் அவ்வளவு உயரம். உருண்டை பெட்டிக்குள் கிடக்கும், கொதிக்கிற தண்ணீர் அதைத் தொடாது. புதுத் தண்ணீரும் பெட்டியில் விழுந்து, அடி வழியாக மெதுவாகப் போகும், கொதி அடங்காது. உருண்டையில் அரிசி போடவில்லை. காய்ந்த செம்பைக் காய்ந்தபடியே மூடினார். மூடும்போது நான் பக்கத்தில் நிற்கவில்லை, அக்காவும் நிற்கவில்லை.

அது நன்றாக வேலை செய்தது. காரியஸ்தரே எங்கள் வீடு தேடி வந்தார். "வரச் சொல்லும்வே. இனி தூக்க ஒன்னும் இல்ல. அறை அப்படியே கெடக்கு."

அக்கா உள்ளேயிருந்து என்னிடம் சொன்னாள், "வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லு."

காரியஸ்தர் போன பிறகு வீட்டுக்காரர் கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "இது வேற உருண்டை மயினி. நீங்க எதையும் தொடாண்டாம். விறகு வச்சுட்டுப் பக்கத்துல சும்மா இருந்தாப் போதும்."

"பக்கத்துல இருக்கதுதான் ஆகாது கொழுந்தனாரே."

நான் அடுப்படியில் வைத்து எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அந்த அறையை நினைத்துப் பாருக்கா என்றும் சொன்னேன். "நெனச்சுப் பாத்தாச்சு" என்றாள். ஆய்க்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து அந்த அறையில் இருந்துகொண்டாள். அவளும் யாருமில்லாதவள். வீட்டுக்காரர் வருஷா வருஷம் சாரலுக்கு முன்னால் போய்ப் பெட்டியைத் திறந்து சுத்தம் செய்துவிட்டு வருவார். நன்றாக ஓடுகிறதா என்று நான் கேட்டால் தலையை மட்டும் அசைப்பார், அக்கா காதில் விழுந்துவிடக் கூடாதென்று.

எங்கள் வீட்டில் குழாய் இல்லை. தெருக்கோடிக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர். அந்த வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். விடிந்து நான் எழுந்திருக்கும்போது அண்டா, தவலை, குடம் எல்லாம் விளிம்பு தட்ட நிறைந்திருக்கும். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. குடங்களை ஒளித்து வைத்தேன், பக்கத்து வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கி எடுத்தாள்.

"உனக்கு உடம்பு என்னத்துக்கு ஆகும்க்கா?"

"தண்ணி சுமக்கதுல ஒரு தோசமும் இல்லட்டி. சுமந்து கொண்டாந்து வைக்கேன், நீ தொட்டு எடுத்துக்கிடுத."

யுத்தம் தொடங்கிய பிறகு எனக்கு ஒரு பெண் பிறந்தது. தெருவே வந்து பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் அக்கா கிட்டே வந்தாள். ஆனால் என் குளியலுக்கு வெந்நீர் முழுக்க அவள் சுமந்து காய்ச்சியது. கொல்லையில் அடுப்பு மூட்டி அதன் முன்னால் நின்றுகொண்டே இருப்பாள். உட்காருக்கா என்றால், கொதி பார்க்க வேண்டும் என்பாள்.

அவள் சீலை பின்பக்கம் கறையாவதை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், அழுதேன், வீட்டுக்காரர் சத்தமும் போட்டார். வரவில்லை. ஒரு நாள் கடைசிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே சுவரோரமாகச் சாய்ந்தாள். நான் போய்த் தொடும்போது உடம்பு சுட்டது. சாயங்காலத்துக்குள் போய்விட்டாள்.

அவளைக் குளிப்பாட்டத் தண்ணீருக்கு யாரும் கிணற்றுக்குப் போகவேண்டியிருக்கவில்லை. அண்டாவில் மொண்டு மொண்டு ஊற்றினோம். பெண்கள் நிற்கிற இடத்துக்கு ஆண்கள் வருவது வழக்கமில்லை. வீட்டுக்காரர் கொல்லைக் கதவுக்கு வெளியிலேயே நின்றார். அண்டாவில் தண்ணீர் இறங்க இறங்கச் செம்பு தட்டுகிற சத்தம் மாறிக்கொண்டே வந்தது. அடியில் போய்த் தட்டியபோது அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதது எனக்குக் கேட்டது.